காதை டாக்டர் பார்க்கட்டும், அண்ணே

தாம்பரம்,
ஐப்பசி.

பாசமுள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் மகளும் பேரப்பிள்ளையும் சுகம். மைனிக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டதா? பூதப்பாண்டியில் மழை விடவில்லை, பழையாறு கரை தொட்டுப் போகிறது என்று மருமகன் சொன்னான். நேற்று போனில் நான் பேசியதில் பாதி உங்களுக்குக் கேட்கவில்லை. போனை இடது காதுக்கு மாற்றிய பிறகுதான் ஒழுங்காகப் பதில் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசிப்பீர்கள். போனில் சொன்னால் "சரி, பாத்துக்கிடலாம்" என்று வைத்துவிடுவீர்கள்.

மைனி எல்லாம் சொன்னாள். ஆற்றில் முங்கிக் குளித்து வந்த அன்றைக்கு வலது காது அடைத்ததாம். கொண்டை ஊசியை வாங்கிக் குடைந்தீர்களாம். அது போதாமல் பட்ஸ். இப்போது மருமகன் ஆன்லைனில் கேமரா வைத்த காதுகுடைவி ஒன்று வாங்கித் தந்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போனில் பார்த்துக்கொண்டே எடுத்துவிடலாம் என்று இருக்கிறீர்களாம். அண்ணே, உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. டாக்டர் பார்க்கும்வரை அந்தக் காதுக்குள் எதையும் விடாதீர்கள். இந்தக் கடிதத்தில் வேறு எதுவும் மனதில் நிற்காவிட்டாலும் இது ஒன்று நிற்கட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். எதையும் காரணம் கேட்காமல் நீங்கள் ஒத்துக்கொண்டதில்லை.

பெரியவர்களுக்குக் காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதில் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில்தான் மயிரும், குறும்பி சுரக்கிற சுரப்பிகளும் உண்டு. உள்பக்கம் எலும்புக் குழாய். அதன்மேல் போர்த்தியிருக்கிற தோல் மிக மெல்லியது. அங்கே குறும்பி ஊறுவதே இல்லை. அதனால் செவிப்பறையை ஒட்டி ஒரு கட்டி குறும்பி கிடந்தால், பெரும்பாலும் அது வெளியிலிருந்து தள்ளப்பட்டுப் போனதாகத்தான் இருக்கும். நான் இ.என்.டி. ஓ.பி.யில் நர்ஸாக நின்ற காலத்தில், டாக்டர் காதுக்குள் எட்டிப் பார்த்ததும் முதலில் கேட்பது, "என்னத்தை வச்சுக் குடைஞ்சீரு?" என்பதுதான். ஊக்கு, சாவி, தீக்குச்சி, பேனா மூடி, ஈர்க்குச்சி என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள்.

குடையாமல் விட்டால் அழுக்கு சேர்ந்துகொண்டே போகாதா என்று கேட்பீர்கள். காதுத் தோலுக்கு உடம்பில் மற்ற இடத்துத் தோலுக்கு இல்லாத ஒரு குணம் இருக்கிறது. அது செவிப்பறையிலிருந்து வாசலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். செவிப்பறையில் சின்னதாக ஒரு மைப்புள்ளி வைத்துச் சோதித்திருக்கிறார்கள். நாளாவட்டத்தில் அந்தப் புள்ளி குழாய்ச் சுவர் வழியாக வெளியே வந்து சேருகிறது. கிட்டத்தட்ட நகம் வளர்கிற வேகம். நாம் சவைக்கும்போதும் பேசும்போதும் தாடை அசைந்து அதற்கு ஒத்தாசை செய்கிறது. காய்ந்த குறும்பி அந்தத் தோலோடு வந்து, நமக்குத் தெரியாமலே தலையணையில் உதிர்ந்துவிடும். அதுவரை அது சும்மா கிடப்பதில்லை. தோலில் தண்ணீர் ஊறாமல் காக்கிறது, தூசியைப் பிடித்து வைக்கிறது, லேசான புளிப்புத் தன்மையால் கிருமியையும் பூஞ்சையையும் வளரவிடாமல் வைக்கிறது. அதை ஒட்டத் துடைத்து எடுத்தால் தோல் வறண்டு அரிக்கும். அரித்தால் மறுபடி குடையத் தோன்றும். உங்களுக்கு இத்தனை வருஷமாக இருக்கிற காது அரிப்பில் பாதி இப்படி வந்ததுதான் என்பது என் எண்ணம்.

குளித்துவிட்டு வந்ததும் ஏன் திடீரென்று அடைத்தது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. உள்ளே தள்ளித் தள்ளிக் கெட்டியான குறும்பிக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவில் நூலிழை வழி இருந்தால்கூடக் காது கேட்டுவிடும். தண்ணீர் பட்டதும் குறும்பி உப்பி அந்த வழியையும் மூடிவிடுகிறது. அடைப்பு மாதக்கணக்காகச் சேர்ந்தது. நாம் உணர்வது ஒரு நிமிஷத்தில். மழைக்காலத்தில் ஓ.பி.யில் இந்தக் கதையோடு வருகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது வாசிப்பதை நிறுத்தி ஒன்று செய்து பாருங்கள். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று சத்தம் எழுப்புங்கள். சத்தம் எந்தக் காதில் கூடுதலாகக் கேட்கிறது? வலது காதில் என்றால் நல்லது. வெளிச் சத்தம் வரும் வழி அடைபட்ட காதில்தான், எலும்பு வழியாகப் போகிற நம் சொந்தக் குரல் ஓங்கிக் கேட்கும். ஐயம் இருந்தால் நல்ல காதை விரலால் பொத்திக்கொண்டு முனகிப் பாருங்கள், சத்தம் அந்தப் பக்கமும் ஓங்கும். டாக்டர் நெற்றியில் இசைக்கவை வைத்துப் பார்க்கிற சோதனையின் வீட்டு வடிவம் இது. ஆனால் சத்தம் இடது காதில்தான் கூடுதலாகக் கேட்கிறது என்றால், குறும்பி என்று நினைத்து ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். திடீரென்று நரம்பு வழியாகக் காது போனால் முதல் சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் திரும்பக் கிடைக்கிற வாய்ப்பு கூடும். வீட்டுச் சோதனையை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். எந்தப் பக்கம் கேட்டாலும் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். நாளைக்கே போக வேண்டுமா, இந்த வாரத்துக்குள் போனால் போதுமா என்பதற்குத்தான் இது.

பாட்டா இடுப்பில் கிடந்த வளையம் உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளி அரைஞாணில் பெட்டிச் சாவியோடு கோத்துக் கிடக்கும்: குறும்பிவாங்கி, முள்வாங்கி, பல்குத்தி. அந்தக் குறும்பிவாங்கியின் முனை கடுகு உட்காரும் அளவுக்குக் குழிந்த சின்னக் கரண்டி. தண்டில் முறுக்கு இருக்கும், பிடி வழுக்காமல் இருப்பதற்கு. பல வருஷம் விரல் பட்டுப் பட்டு அந்த முறுக்கின் விளிம்பு மழுங்கியிருந்தது. ஹரப்பாவில் மண்ணுக்கடியில் இருந்து எடுத்த செம்புச் சாமான்களிலும் இதே போல ஒரே வளையத்தில் கோத்த காதுகுடைவியும் முள்வாங்கியும் ஊசியும் இருக்கின்றன. நாலாயிரம் வருஷத்துக்கு மேலாகியும் சாமானின் வடிவம் அப்படியே பாட்டாவின் இடுப்புவரை வந்திருக்கிறது. மனுஷனுக்குக் காது அரிப்பு அவ்வளவு பழையது.

ஆனால் ஆச்சி அதை எப்படிக் கையாண்டாள் என்பதை யோசித்துப் பாருங்கள். காலை வெயில் விழுகிற பக்கமாகத் திண்ணையில் நம்மைப் படுக்கவைத்து, காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். குனியும்போது அவளுடைய பாம்படம் நம் கன்னத்தில் வந்து இடிக்கும். வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும், வாசலில் நிற்பதை மட்டும் எடுப்பாள். "உள்ள கெடக்கத நோண்டப்பிடாது" என்பாள். மடலை மேலும் பின்னும் இழுத்தால்தான் வளைந்த குழாய் நேராகும் என்று எனக்கு நர்ஸிங் படிக்கும்போது சொல்லித் தந்தார்கள். ஆச்சிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவள் கையில் இருந்தது இன்னொருவர் காது. அவளுக்கு வெளிச்சம் இருந்தது, பார்க்கக் கண் இருந்தது, எங்கே நிறுத்த வேண்டும் என்ற பயமும் இருந்தது. பாட்டா தனியாக இருக்கும்போது கோழி இறகை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றுவாரே, அதில் இந்த மூன்றும் கிடையாது. அந்தச் சுகம் பொய்யில்லை. காதுக்குழாயில் வேகஸ் நரம்பின் ஒரு கிளை வந்து முடிகிறது. அதனால்தான் சிலருக்குக் காது குடைந்தால் இருமல்கூட வரும். சுகத்தை நம்பிக் கையை விட்டால் கை ஆழத்துக்குத்தான் போகும்.

பட்ஸ் வந்து எல்லோரையும் பாட்டாவைப் போலத் தனியாகக் குடைய வைத்துவிட்டது. 1923-ல் நியூயார்க்கில் லியோ கெர்ஸ்டென்சாங் என்பவர், மனைவி பல்குத்தியில் பஞ்சு சுற்றிக் குழந்தையைத் துடைப்பதைப் பார்த்துத் தொடங்கிய தொழில் என்பார்கள். குழந்தைக்கான சாமானாகத்தான் விற்றார். இன்றைக்கு அவர் தொடங்கிய க்யூ-டிப்ஸின் பெட்டியிலேயே காதுக்குழாய்க்குள் விடாதீர்கள் என்று அச்சடித்திருக்கிறார்கள். பஞ்சுமுனை குழாயின் அகலத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். துப்பாக்கிக் குழலில் வெடிமருந்தைக் கெட்டிக்கிற மாதிரி, வெளியே கொஞ்சம் மஞ்சள் கறை வருகிறதே தவிர மிச்சமெல்லாம் உள்ளே போய் இறுகும். 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் குச்சி வைத்த பட்ஸுக்கு நாடு முழுக்கத் தடை வந்தது. கடையில் இப்போது காகிதக் குச்சி, மூங்கில் குச்சி. கடற்கரைக்கு அது நல்லது. காதுக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. காகிதக் குச்சி ஈரத்தில் வளையும், பஞ்சு கழன்று உள்ளேயே தங்கும். அப்படித் தங்கிய பஞ்சை எடுக்க வருகிறவர்களும் உண்டு.

திருகாணி போல முறுக்கிய சிலிக்கான் குச்சி, காதில் வைத்துக் கொளுத்துகிற மெழுகுக்குழாய் எல்லாம் விளம்பரத்தில் வரும். மெழுகுக்குழாய் குறும்பியை உறிஞ்சி எடுப்பதில்லை, எரிந்த பிறகு உள்ளே தெரிகிற பழுப்பு அந்த மெழுகேதான். சூடு பட்டுக் காயமான சம்பவங்களால் 2010-ல் அமெரிக்க மருந்துத் துறை அதற்கு எதிராக எச்சரித்தது. வீட்டில் யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

இனி அந்தக் கேமரா. மருமகன் உங்கள் மேல் இருக்கிற பாசத்தில்தான் வாங்கியிருக்கிறான், அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். காதுக்குள் பார்க்க வேண்டும் என்ற யோசனையும் சரியானதுதான். இங்கே பக்கத்து வீட்டில் ஒன்று இருக்கிறது, கையில் வாங்கிப் பார்த்தேன். பேனா அளவு. முனையில் சின்னக் கண்ணாடி, சுற்றி விளக்கு, அதற்கு மேலே மாட்டுகிற பிளாஸ்டிக் கரண்டி. வைஃபை வழியாகப் போனில் படம் தெளிவாகத்தான் வருகிறது. குழாயின் மயிர்கூடத் தெரிகிறது. என் விரல் நுனியைக் கேமராவுக்கு முன் நீட்டி, இன்னொரு கையால் அந்தக் கரண்டியை விரலில் தொட முயன்றேன். படத்தில் தொட்டுவிட்டது போல இருந்தது, தொடவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினேன், அழுந்தக் குத்திவிட்டது. ஒற்றைக் கண்ணால் பார்ப்பதில் தூரம் தெரியாது, அண்ணே. கையை வலது பக்கம் அசைத்தால் படத்தில் வேறு பக்கம் போவது போல இருக்கும். படமும் கை அசைவுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. விரலில் பரவாயில்லை. செவிப்பறையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

டாக்டர் காதைப் பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் இரண்டு கண் வைக்கிறார்கள், ஆழம் தெரிவதற்காக. 1953-ல் ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி ஆபரேஷன் மைக்ராஸ்கோப் கொண்டுவந்தபோது முதலில் அது காது ஆபரேஷனுக்குத்தான் பயன்பட்டது. அது தாங்கியில் நிற்கும், டாக்டருக்கு இரண்டு கையும் சும்மா இருக்கும்: ஒரு கையில் காதைத் திறந்து பிடிக்கிற புனல், இன்னொன்றில் சக்ஷன் குழாயோ கொக்கியோ. நோயாளி அசையாமல் இருக்கப் பக்கத்தில் தலையைப் பிடிக்க எங்களைப் போல ஒரு ஆள். வீட்டுக் கேமராவில் பார்ப்பதும் எடுப்பதும் ஒரே குச்சி, பிடித்திருப்பது நோயாளியின் கையேதான்.

சர்க்கரை என்று முதலிலேயே சொன்னேனே, அதற்கு வருகிறேன். நான் வேலையில் இருந்தபோது ஒரு பெரியவர் வந்தார், உங்கள் வயது இருக்கும். ஊக்கால் சொறிந்த சின்னக் கீறல், அவ்வளவுதான். காதில் கொஞ்சம் நீர் வடிந்தது, சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு இருந்துவிட்டார். ராத்திரியில் தூங்கவிடாத வலி. வந்து சேரும்போது அந்தப் பக்கத்து முகம் கோணியிருந்தது, கண் மூட முடியவில்லை. கீறல் வழியாகப் போன கிருமி தோலைத் தாண்டி எலும்பில் இறங்கிவிட்டது. சூடோமோனாஸ் என்ற கிருமி. சர்க்கரை உள்ள முதியவர்களின் காதைத்தான் அது இப்படித் தேடிப் பிடிக்கும். வாரக்கணக்கில் ஊசி போட்டுப் பிழைத்தார். எல்லோருக்கும் இப்படி ஆகாது, அபூர்வம்தான். ஆனால் காதுவலி ராத்திரியில் கூடினாலோ, சீழோ ரத்தமோ கசிந்தாலோ ஒரு நாள்கூட வீட்டில் இருக்கக்கூடாது.

சூடாக்கிய எண்ணெய் விடட்டுமா என்று மைனி கேட்டாள். வேண்டாம் என்று சொல்லுங்கள். எண்ணெய் குறும்பியை இளக்கும் என்பது உண்மைதான், வெளிநாட்டு டாக்டர்களே ஆலிவ் எண்ணெய் விடச் சொல்வதுண்டு. உங்கள் விஷயம் வேறு. சின்னதில் உங்களுக்கு வலது காதில் சீழ் வடிந்துகொண்டே இருந்தது, அம்மை பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டுப் பஞ்சு வைப்பாள். அந்தக் காலத்துச் சீழ் செவிப்பறையில் ஓட்டை வைத்திருக்கலாம். ஓட்டை இருந்தால் எண்ணெயும் தண்ணீரும் நடுக்காதுக்குள் போய்விடும். போதாததற்கு நம் ஊர் ஈரத்துக்கு, எண்ணெய் ஊறிய காதில் பூஞ்சை சுலபமாகப் பிடிக்கும். நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்தது போல இருக்கும் என்றுதான் பாடப்புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஒன்றுக்கு மட்டும் எண்ணெய் சரி: நல்ல காதில் பூச்சி உயிரோடு புகுந்து குடைந்தால் இரண்டு சொட்டு விட்டு முதலில் அதைச் சாகவிட வேண்டும், பிறகு டாக்டர் எடுப்பார். கன்னிப்பூ அறுப்பில் களத்தில் விளையாடுகிற பிள்ளைகள் காதில் நெல்மணி போய்விடும், நினைவிருக்கிறதா? அதற்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது. மணி ஊறிப் பருத்து இறுகிவிடும். பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு, அதனால் சொல்லிவைக்கிறேன்.

டாக்டரிடம் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் இருக்காது. முதலில் குறும்பி கெட்டியாக இருந்தால் சோடா உப்பும் கிளிசரினும் கலந்த சொட்டு மருந்து கொடுத்து நாலைந்து நாள் கழித்து வரச் சொல்வார்கள். அந்த நாட்களில் அடைப்பு கூடுவது போல இருக்கும், பயப்பட வேண்டாம், ஊறுவதால் அப்படி. பிறகு கொக்கியாலோ சக்ஷனாலோ எடுப்பார்கள். சக்ஷன் இரைச்சலாக இருக்கும், அவ்வளவுதான். சிலருக்குச் சிரிஞ்சில் தண்ணீர் பாய்ச்சுவார்கள். காய்ச்சி ஆற வைத்த தண்ணீர், உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். கிட்னி ட்ரேயைக் காதுக்குக் கீழே நோயாளியே பிடித்துக்கொள்வார். பீச்சுவது நேராகச் செவிப்பறைக்கு அல்ல, குழாயின் மேல்சுவரைப் பார்த்து. தண்ணீர் குறும்பிக்குப் பின்னால் போய் அதை வெளியே தள்ளிக்கொண்டு வரும். ட்ரேயில் விழும்போது காதுக்குழாயின் அச்சு அப்படியே அதில் தெரியும்.

தண்ணீர்ச் சூட்டுக்கு நாங்கள் அவ்வளவு கவனம் கொடுப்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற காது டாக்டர் இப்படிக் கழுவும்போது நோயாளிகள் தலை சுற்றுகிறது என்பார்கள், கண்மணி துடித்துத் துடித்து அசையும். ஒருவர், தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான் அப்படி ஆகிறது என்றார். அப்படியானால் சூடாக்குவோம் என்று பார்த்தார், சூடு மிஞ்சியபோதும் தலை சுற்றியது. ஆனால் கண் துடிப்பது எதிர்ப்பக்கமாக மாறிவிட்டது. நோயாளி சொன்ன குறையைத் தட்டிவிடாமல் கேட்டதால், உட்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார். 1914-க்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்போது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். இன்றைக்கும் தலைசுற்றல் சோதனைக்குக் காதில் குளிர்ந்த நீரும் வெந்நீரும் விட்டுப் பார்க்கிறார்கள். நீங்களும் டாக்டரிடம் தலை சுற்றினால் சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

உங்களுக்குப் பெரும்பாலும் தண்ணீர் விடமாட்டார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிய வேண்டியதை நீங்கள்தான் முந்திச் சொல்ல வேண்டும். சர்க்கரை இருக்கிறது, சின்னதில் சீழ் வடிந்தது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள். கொண்டை ஊசியையும் மறைக்க வேண்டாம். சுகர் நோட்டையும் மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோங்கள்.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் காலையிலேயே ஓ.பி. சீட்டு எடுத்துவிடச் சொல்லுங்கள். நாகர்கோவில் வந்து பஸ் மாறினால் போதும், இந்த மழையில் பைக்கில் வேண்டாம். மருமகனைக் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் சொல்வது உங்கள் வலது காதுக்குக் கேட்காது. காது மெஷின் வாங்கலாம் என்று உங்கள் மருமகள் சொன்னதாகவும் மைனி சொன்னாள். குறும்பியை எடுத்து, ஆடியோகிராம் பார்த்த பிறகு அதை யோசிக்கலாம். குறும்பி எடுத்தவுடனே மெஷின் தேவைப்படாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதுவரை ஆற்றில் முங்க வேண்டாம். தலைக்கு ஊற்றும்போது பஞ்சில் வாஸ்லின் தடவிக் காது வாசலில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், குளித்ததும் எடுத்துவிடுங்கள்.

கேமராவைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். அந்தக் கரண்டி முனையைக் கழற்றிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். உங்களுக்குக் குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியவில்லை, மைனிக்குக் கண் தெளிவில்லை. ராத்திரி படுக்கும்முன் பேரன் அந்தக் கேமராவை உங்கள் பாதத்திலும் விரலிடுக்கிலும் காட்டிப் போனில் பார்க்கட்டும், வெடிப்போ கொப்புளமோ இருந்தால் எனக்குப் படம் அனுப்பட்டும். சர்க்கரைக்காரர் பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்று நான் எத்தனையோ முறை சொல்லியும் நடக்காதது இந்தச் சாமானால் நடந்தால் எனக்குச் சந்தோஷம்.

மகளுக்குத் துணையாகத் தை கடைசிவரை நான் இங்கே இருந்தாக வேண்டும். டாக்டரைப் பார்த்த அன்று சாயங்காலமே, என்ன சொன்னார், எந்த மருந்து எழுதினார் என்று மருமகனைச் சீட்டோடு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மைனிக்கு என் அன்பு. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பாசமுள்ள தங்கச்சி